பத்துக் கட்டைகளும் ஒரு பந்தும்

தில்லி, பெங்களூர் முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவருள் சிலர், விடுமுறை நாள்களில் பிள்ளைகளுடன் டென்பின் பௌலிங் கூடங்களுக்குச் செல்வதுண்டு. அங்கே தோள்வலி மிக்க இளைஞர் ஒருவர் முழுப் பலத்துடன் பந்தை எறிகிறார். பெரும் ஓசையுடன் அது மோதியும், நடுவில் ஒரு கட்டை அசையாது நிற்கிறது. பக்கத்துத் தடத்தில் மெலிந்த உடலினர் ஒருவர் அமைதியாக உருட்டிய பந்தோ பத்தையும் சாய்த்துவிடுகிறது. இஃது எவ்வாறு?

பந்து பத்துக் கட்டைகளையும் தானே தொடுவதில்லை என்பதை முதலில் நாம் உணர வேண்டும். வலக்கையாளர் ஒருவரின் குறையற்ற வீச்சில் பந்து தொடுவன 1, 3, 5, 9 என்னும் நான்கு கட்டைகளே. முதற்கட்டை இரண்டாவதையும், அது நான்காவதையும், அது ஏழாவதையும் வீழ்த்தும். மூன்றாவது ஆறாவதையும், ஆறாவது பத்தாவதையும் சாய்க்கும். எட்டாவதைக் கவனித்துக்கொள்வது ஐந்தாவது. ஆகவே முதற்கட்டைக்கும் மூன்றாவதற்கும் இடையே பந்து புகும் கோணமே தலையாயது. அக்கோணம் ஏறக்குறைய 4 முதல் 6 பாகை வரை இருத்தல் நன்று. நேராக வரும் பந்துக்கு 2 பாகைகூடக் கிட்டுவதில்லை. அது முதற்கட்டையில் பட்டு வலப்புறம் விலகி, ஐந்தாவதைத் தொடாமலே போய்விடுகிறது. இளைஞரின் கட்டை நின்ற மர்மம் இதுதான்!

அந்தக் கோணத்தைத் தருவது சுழற்சி. தடத்தின் நீளம் 60 அடி. அதன் முற்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பர். அங்கே பந்து வழுக்கிச் செல்லும். எண்ணெய் தீர்ந்த கடைப்பகுதியில் உராய்வு பற்றிக்கொள்ள, சுழலும் பந்து வளைந்து திரும்பும். அளவுக்கு மீறிய வேகத்தில் எறிந்தாலோ, பற்றிக்கொள்ள அவகாசமின்றி அது வழுக்கியே முடிந்துவிடும். வேகம் கூடக் கூட ஆற்றல் பெருகும் என்பது உண்மையே. எனினும் சுழற்சியோடு பொருந்தாத வேகம் வீண்.

அமெரிக்க வீரர் ஏர்ல் ஆன்டனி மென்மையான வீச்சினர். 1975-இல், ஒரே பருவத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டிய முதல் பௌலிங் வீரர் அவரே. இதற்கு நேர்மாறாக, ஆஸ்திரேலியரான ஜேசன் பெல்மான்டி இரு கைகளாலும் பந்தைப் பற்றிக் கடுஞ்சுழற்சி தருபவர். வழிகள் வேறாயினும் இருவர்க்கும் நோக்கம் ஒன்றே.

பந்தின் எடைக்கு உச்ச வரம்பு 16 பவுண்டு, அதாவது சுமார் 7¼ கிலோ. கட்டை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கனத்த பந்து மோதலில் குறைவாகவே விலகும் என்பதால் அதனை நாடுவது இயல்பு. ஆயினும் கைக்கு மிஞ்சிய பந்து தோளையும் மணிக்கட்டையும் நோகச் செய்யும். கையைக் கடிகாரத்தின் ஊசல்போல் தளர்வாக ஆடவிட்டால் பந்தின் எடையே வேகத்தைத் தரும். வீச்சின் முடிவில் கட்டைவிரல் முதலில் விடுபட, பின்னர் விடுபடும் மற்ற இரு விரல்கள் சுழற்சியை ஊட்டுகின்றன. கூடத்தில் பந்தைத் தேர்ந்தெடுக்கும்பொழுது கட்டைவிரல் துளையையும் நாம் சோதித்தல் வேண்டும். அது தளர்ந்திருப்பின் பந்து நழுவாதிருக்க விரல்கள் இறுகும். இறுகிய கையினின்று சுழற்சி எளிதில் பிறவாது.