கடலும் சக்கரமும் காலும்

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய பந்தயத்தை ‘டிரையத்லான்’ என்று வழங்குகின்றனர். நாம் முப்போட்டி என்போம். இது மிகப் பழைய விளையாட்டன்று. 1974-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் சிறிய அளவில் தொடங்கிற்று. நீந்துபவன், ஓடுபவன், மிதிவண்டி மிதிப்பவன் ஆகியோருள் உடல் உரம் மிக்கவன் யார் என்று ஹவாய்த் தீவில் எழுந்த வாக்குவாதத்தைத் தீர்க்க, ஜான் காலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரி 1978-இல் மூன்றையும் ஒன்றாகக் கோத்தார். கடலில் 3.8 கிலோமீட்டர், மிதிவண்டியில் 180, பின் 42 கிலோமீட்டர் ஓட்டம்! புறப்பட்டவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். முதல்வராக வந்த கார்டன் ஹாலருக்குப் பதினொன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் குறுகிய அளவில் இப்பந்தயம் இடம் பெற்றது.

ஊத்துக்கோட்டையில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஹவாய்ப் பந்தயத்தில் சரிபாதி அளவுடைய போட்டி 2019-ஆம் ஆண்டு கோவாவில், பணஜியை அடுத்த மிராமர் கடற்கரையில் முதன்முதலாக நடைபெற்றது. 2024 அக்டோபர் 27 அன்று அங்கு நடந்த போட்டிக்கு எங்கள் மிதிவண்டிக் கழகத்தார் ஐவர் சென்றோம். இருவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் ‘ஷிப்ட்’ பார்ப்பவர், ஒருவர் ஆசிரியர், மற்ற இருவர் கடை வைத்திருப்பவர்கள். நுழைவுக் கட்டணம் ஏழைக்கு ஏற்றதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓராண்டுச் சேமிப்பு அதில் கரைந்தது. இல்லத்தரசிகளின் முணுமுணுப்பும் நியாயமானதே.

மிதிவண்டியும் ஓட்டமும் எங்களுக்குப் புதியவை அல்ல. நாகலாபுரம் மலையடிவாரச் சாலையும் சத்தியவேடு சாலையும் விடியுமுன் எங்களுக்குப் பழக்கமானவை. ஆனால் நீச்சலுக்கு எங்கே போவது? பூண்டி நீர்த்தேக்கம் சென்னைக்குக் குடிநீர் தருவது, அதில் இறங்கலாகாது. ஊத்துக்கோட்டை அருகே தமிழகத்தினுள் நுழையும் கிருஷ்ணா கால்வாய் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அதன் சரிவான கரையில் பாசி படிந்தால் இறங்கியவன் பற்றி ஏறப் பிடி கிடையாது; நீரின் வேகமோ மிகுதி. பிள்ளைகளை அங்கே குளிக்க விடும் பெற்றோர் இதை மறவாதிருப்பார்களாக. ஆகவே நண்பர் ஒருவரின் வயற்கிணறே எங்கள் பள்ளியாயிற்று. நம் பாட்டனார் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிப் பழகிய அதே முறைதான். குடுக்கைக்குப் பதில் பிளாஸ்டிக் கேன்.

கிணற்றில் பழகியவன் கடலில் நீந்திவிட முடியாது. கிணற்றில் எட்டு வீச்சில் சுவர் வரும். கடலில் சுவரே இல்லை. எனவே ஆறு மாதம், மாதம் இருமுறை, பழவேற்காட்டுக்குச் சென்றோம். அவ்வூர் மீனவப் பெரியவர் ஒருவர் தம் படகோடு உடன்வர இசைந்தார். அவர் விதித்த முதல் நிபந்தனை, முகத்துவாரத்தின் பக்கமே போகக்கூடாது என்பது. ஏரியின் நீரும் கடலின் நீரும் அங்கே ஒன்றையொன்று இழுக்கும். எவ்வளவு வல்லவனும் தப்புவது அரிது. பழவேற்காட்டின் பெயரைக் கேட்டாலே நம் பகுதிக் குடும்பங்கள் நடுங்குவதற்குக் காரணமும் உண்டு. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். விழா நாளில் பிள்ளை குட்டிகளோடு மகிழ்ந்திருக்கச் சென்றவர்கள் அவர்கள். அந்நாளை நினைவிற்கொண்ட பெரியவர், எங்களுள் ஒருவரும் தனியே இறங்க ஒருநாளும் இடம் தரவில்லை.

அவரிடம் கற்றவை பல. உடையும் அலையை எதிர்த்து நிற்காமல் அதன் அடியில் மூழ்கிக் கடக்க வேண்டும். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி முட்டி மோதிக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதன் பிடியிலிருந்து வெளியேற வேண்டும். பத்து வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் கரையில் ஒரு பனையையோ கோபுரத்தையோ குறிவைக்க வேண்டும். இல்லையேல் நேராகச் செல்வதாக எண்ணிக்கொண்டு வட்டமிடுவோம். தமிழருக்குக் கடல் நீச்சல் அந்நியமன்று என்பதையும் இங்கே குறிப்பிடலாம். பாக்கு நீரிணையை 1954-இல் நவரத்தினசாமியும், 1971-இல் இருபுறமுமாக ஆனந்தனும், 1994-இல் பன்னிரண்டு வயதில் குற்றாலீசுவரனும் நீந்திக் கடந்தனர்.

போட்டி ஞாயிறு காலையில் நடைபெறுவது. அதனால் முந்திய மாலையே பணஜியில் திருப்பலி கண்டோம்; மாலைத் திருப்பலி ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்பதைத் திருச்சபைச் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. மறுநாள் காலை 1.9 கிலோமீட்டர் நீச்சல். அதற்கு ஒரு மணி பத்து நிமிடமே கெடு. முன்னே செல்பவர் கால் முகத்தில் உதைக்கும், பின்னே வருபவர் கை முதுகில் விழும். உப்பு நீர் மூக்கில் ஏறும். அங்கே பயந்தவன் மூச்சை இழக்கிறான். மூச்சை இழந்தவன் வலிமையை இழக்கிறான். எங்கள் ஆசிரிய நண்பர் இரண்டாவது மிதவையருகே திகைத்து நின்றுவிட்டார். உயிர்காப்போர் பலகையைச் சற்றுப் பற்றிக்கொள்ள விதி இடந்தருகிறது, முன்னேறத்தான் கூடாது. இரண்டு நிமிடம் பற்றி, மூச்சு சீரானதும் மீண்டும் நீந்தினார்.

பிறகு 90 கிலோமீட்டர் மிதிவண்டி. ஒருவர் பின்னே மற்றவர் ஒட்டிச் சென்று காற்றின் தடையை அவர் மேல் சுமத்துவது குற்றம். 12 மீட்டர் இடைவெளி வேண்டும். கழகத்தாராயினும் அவரவர் காற்றை அவரவரே கிழிக்க வேண்டும். இறுதியில் 21 கிலோமீட்டர் ஓட்டம். மிதிவண்டியை விட்டிறங்கியதும் கால்கள் கட்டைபோல் ஆகிவிடும். முதல் இரண்டு கிலோமீட்டருக்கு அவை நம் கால்களல்ல. கடற்கரை வெப்பத்தில் வியர்வை ஆறாய் ஓடும். வெறும் நீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம் வரும். வயலில் வேலை செய்வோர் உப்பிட்ட கஞ்சியும் நீர்மோரும் குடிப்பதன் காரணம் அன்று எங்களுக்கு நன்கு விளங்கிற்று.

களைத்தபோதெல்லாம் நாங்கள் ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொண்ட பெயர் ஒன்று உண்டு: அருட்சகோதரி மடோனா பூடர். 1930-இல் பிறந்த இவ்வமெரிக்கத் துறவி இருபத்து மூன்று வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். குருவானவர் ஒருவர் தூண்டியதால் 48 வயதில் ஓடத் தொடங்கினார். 52 வயதில் முதல் முப்போட்டி. 55 வயதில் முழு அளவுப் போட்டி. 2012-இல், தம் 82-ஆம் வயதில், கனடாவில் முழுத் தொலைவையும் பதினாறரை மணி நேரத்தில் முடித்தார். ‘இரும்புத் துறவி’ என்று உலகம் அவரை அழைக்கிறது. அவர் வயதுக்கென்று போட்டியில் புதுப் பிரிவுகளையே ஏற்படுத்த நேர்ந்ததாம்! நாற்பதில் மூட்டுவலி என்று அமர்ந்துவிடும் நம்மவர் என்ன சொல்வரோ அறியோம்.

எங்களுள் நால்வர் எட்டரை மணிக் கெடுவுக்குள் முடித்தோம். ஐந்தாமவர் மிதிவண்டிப் பகுதியின் கெடுவைச் சில நிமிடங்களில் தவறவிட்டார். காவலர் கை காட்டி நிறுத்தியபோது அவர் அழுதார். கடையைப் பூட்டிவிட்டு மீண்டும் பயிற்சிக்கு வருகிறார். ஞாயிறு பூசைக்குப் பின் அதே வயற்கிணற்றில் பங்குப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பவரும் அவரே. கேன் கட்டிய பதினொரு பிள்ளைகள் இப்போது வருகின்றனர். அவர்களுள் நால்வர் பெண்கள். கிணற்று மேட்டில் கயிற்றைப் பிடித்தபடி அவர்களுடைய அன்னையர் நிற்கின்றனர்.