விமானம் வாங்கலாம்... கேட்டுக்குள் நுழையுமா?

கம்ப்யூட்டரைப் பார்ட்ஸ் பார்ட்ஸாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். விமானத்தையும் அப்படி வாங்கலாம் என்றால் நம்புவீர்களா?

நான் எம்.கே.பி. நகர்வாசி. ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற என் பள்ளித் தோழன், விமானி லைசென்சும் வைத்திருப்பவன், ஒரு நாள் வந்தான். சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டு விமானக் கிட் வாங்கப் போகிறானாம். "ஏண்டா, பாதி கட்டினதையே வாங்கிட்டா வேலை மிச்சம்தானே?" என்று கேட்டான். முன்பணம் அனுப்ப ஒரு வாரமே இருந்தது. உடனே எக்செல் ஷீட்டைத் திறந்தேன்.

கட்டியவர்கள் உண்டு

இங்கிலாந்தில் வசிக்கும் கேரளத்துக்காரர் அசோக் தாமரக்ஷன், தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் நிறுவனத்திடம் நான்கு இருக்கை கிட் வாங்கி, கொரோனா ஊரடங்கில் கட்டி முடித்தார். 2022-ல் அது பறந்தது. மும்பை விமானி அமோல் யாதவ் கிட் இல்லாமலே மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். அதைக் கீழே இறக்கக் கிரேன் தேவைப்பட்டது! 2011-ல் விண்ணப்பித்தவருக்கு 2017-ல்தான் பதிவு கிடைத்தது.

எந்தக் கிட்?

அமெரிக்காவின் வேன்ஸ் நிறுவனம் இரண்டு விதமாகக் கிட் விற்கிறது. ஸ்டாண்டர்டு கிட்டில் அலுமினியத் தகடுகளும் சட்டங்களும் தனித்தனியாக வரும். ரிவெட் அடிப்பது முழுவதும் உங்கள் வேலை. குயிக் பில்ட் கிட்டில் இறக்கையும் உடற்பகுதியும் பெருமளவு கட்டப்பட்டே வரும். நம் 'பேர்போன்' கம்ப்யூட்டர் மாதிரி. வேலை கணிசமாகக் குறையும்; விலை கூடும். ஆனால் முழுக்கக் கட்டித் தர மாட்டார்கள். வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்களே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி.

கன்டெய்னர் கணக்கு

இனிதான் என் வேலை. அடுக்கிக் கட்டிய தகடுகள் சின்னப் பெட்டியில் அடங்கும். கட்டிய இறக்கையோ உள்ளே வெற்றிடம் கொண்டது. கன்டெய்னரில் மற்றவர் சரக்கோடு சேர்த்து அனுப்பினால், எடை அல்லது கனஅளவு, இதில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆக, காற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்!

20 அடி கன்டெய்னரின் உள் நீளம் சுமார் 19 அடி 4 அங்குலம். கதவின் அகலம் சுமார் 7 அடி 8 அங்குலம், உயரம் சுமார் 7 அடி 6 அங்குலம். நண்பன் விரும்பிய ஆர்.வி.-10 விமானத்தின் இறக்கை விரிப்பு 31 அடி 9 அங்குலம். இடது, வலது எனப் பிரித்து வைத்தால் கன்டெய்னரில் சிக்கல் இல்லை.

சிக்கல் எங்கள் ஏரியாவில்! துறைமுகத்திலிருந்து கிளம்பும் டிரெய்லர் எங்கள் தெருவில் திரும்பாது. நண்பனின் கார் ஷெட் 18 அடி நீளம். முழு விமானத்தின் நீளம் 24 அடி 5 அங்குலம். அதாவது இறக்கையை வைக்கலாம், விமானத்தைக் கட்ட முடியாது. மாதவரம் பக்கம் கோடவுன் எடுத்தால் வாடகை மாதாமாதம் ஏறும். இந்த வரியை எக்செல்லில் போட்டதும் நண்பன் பேச்சை நிறுத்திவிட்டான்.

எனவே அளக்க ஆரம்பிப்பது கடைசியிலிருந்து: கட்டும் இடம், கேட், தெரு, லாரி, கன்டெய்னர். கிட் கடைசியில்தான்.

மறக்கக் கூடாதவை

* மரப்பெட்டியில் ஐ.எஸ்.பி.எம்.-15 முத்திரை இருக்க வேண்டும். பூச்சி வராமல் மரத்தைப் பதப்படுத்தியதற்கான அடையாளம் அது.

* கஸ்டம்ஸில் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் போட்டோவுடன் பேக்கிங் லிஸ்ட் தயாராக இருக்கட்டும்.

* விமானத்துக்கான தலைப்பு 8802, உதிரி பாகங்களுக்கு 8807. பிரித்த நிலையில் முழு விமானமும் ஒன்றாக வந்தால் அதை விமானமாகவே கருத விதி இருக்கிறது. ஆர்டருக்கு முன்பே ஏஜென்டிடம் பேசுங்கள்.

* இலவச நாட்கள் முடிந்தபின் கன்டெய்னருக்குத் தினசரி கட்டணம் ஓடும். பேப்பர்கள் கப்பலுக்கு முன்பே தயாராகட்டும்.

* கடல் பயணத்துக்கு முழு இன்ஷூரன்ஸ் எடுங்கள். கடல்காற்று அலுமினியத்துக்கு ஆகாது, ஈரம் உறிஞ்சும் பைகளைப் போடச் சொல்லுங்கள்.

முன்பணம் பத்திரம்

2023 டிசம்பரில் வேன்ஸ் நிறுவனமே திவால் பாதுகாப்பு கோரியது. லேசரில் வெட்டிய பாகங்களில் வந்த விரிசல் பிரச்சினையும் அதற்கு ஒரு காரணம். முன்பணம் கட்டியவர்கள் கூடுதல் விலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 2024-ல் நிறுவனம் மீண்டது. ஆனாலும் பாடம் பாடம்தான்! வால், இறக்கை, உடல் என்று பகுதி பகுதியாகவும் கிட் வாங்கலாம். முதலில் வால் மட்டும் வாங்கினால், கை வராவிட்டாலும் நஷ்டம் சிறியது.

நண்பன் என்ன செய்தான்?

முன்பணம் அனுப்பவில்லை. இந்த விமானத்தை இங்கே பதிவு செய்ய முடியுமா என்று டி.ஜி.சி.ஏ.வுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறான். அதுவரை ரிவெட் அடித்துப் பழக ஒரு சின்னப் பயிற்சிக் கிட் வரவழைத்திருக்கிறான்.

அந்தப் பெட்டிக்குக் கன்டெய்னரும் வேண்டாம், கிரேனும் வேண்டாம். ஆட்டோவில் வந்து, கேட்டுக்குள் சுலபமாக நுழைந்துவிட்டது!