பழி என்னும் சொல்லும் இல்லத்துக் கொடுமையும்

பழி என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. ‘பழிக்கு அஞ்சினான்’ என்னுமிடத்து அது தீச்செயலைக் குறிக்கும். ‘பழி சுமத்தினாள்’ என்னுமிடத்துப் பொய்க்குற்றத்தையும் குறிக்கும். இல்லத்துக் கொடுமை வழக்குகளில் இவ்விரு பொருளும் மயங்குவதால் விளையும் கேடு சிறிதன்று.

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கப்பெற்றது. இத்தகைய தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் நிருவாகத்துக்கு உரியவை. வேலை போனால் வீடும் போகும். அடுத்த வீட்டில் அடி விழும் ஓசை இடைச்சுவர் கடந்து கேட்கும்; கேட்டவரோ, ‘புருசன் பெஞ்சாதி சண்டை’ என்று ஒதுங்குவர். கணவன் வேலையிழந்தால் பிள்ளைகளுக்குக் கூரையில்லை என அடிபட்டவள் வாய் திறவாள். செய்யாத குற்றம் சுமத்தப்பெற்றவனும் அதே வேலையையும் அதே கூரையையுமே இழப்பான்.

மகளிர் அமைப்புகள் 1985 முதல் முயன்றதன் பயனாக, மலேசியக் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996-இல் நடைமுறைக்கு வந்தது. அஃது ஆண் பெண் இருபாலார்க்கும் பொது. இதனைப் பலர் அறியார். போலீசார் புலனாயும் காலத்தில் நீதிமன்றம் இடைக்காலக் காப்பாணை வழங்கலாம். 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சமூகநல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரக் காப்பாணை தரலாம். இவ்வாணைகள் ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதில்லை. உண்மை தெளியுமளவும் அடி விழாமல் தடுப்பனவே. தண்டனைக்கோ ஐயமற்ற சான்று வேண்டும். சாட்சி அஞ்சி ஒதுங்க, வழக்குத் தோற்றுப்போகலாம். அதனால் முறையீடு பொய்யாகிவிடாது. மெய்ப்பிக்கப்படாதது வேறு, பொய் வேறு. அறிந்தே பொய்ப்புகார் கொடுத்தல் தண்டனைச் சட்டத்தின் 182-ஆம் பிரிவில் தனிக்குற்றம். அதற்கும் தனியே சான்று வேண்டும்.

இந்தியா இவ்விடர்ப்பாட்டை முன்னரே கண்டது. 1983-இல் வந்த 498ஏ பிரிவின்கீழ்க் கணவனும் அவன் உறவினரும் எளிதில் கைதாயினர் என்னும் குறை எழுந்தது. காரணம் எழுதாது கைது செய்யலாகாது என உச்சநீதிமன்றம் 2014-இல் விதித்தது, நல்ல தீர்ப்பு. 2017-இல் அம்மன்றமே ஒருபடி மேற்சென்று, முறையீடுகளைக் குடும்பநலக் குழுக்கள் முதலில் ஆராய வேண்டும் என்றது. அடிபட்டவள் போலீசாரின் முன் மற்றொரு வாயிலையும் கடக்க நேர்ந்தது. 2018-இல் அக்குழுக்கள் நீக்கப்பட்டன.

லயத்துச் சொல் நாளுக்கு நாள் மாறும். அடிபட்ட அன்றே தானா ராத்தா மருத்துவமனைக்குச் சென்றால், காயத்தின் இடமும் அளவும் நிறமும் நாளிட்டு ஏட்டில் ஏறும். பின்னர் எவர் எது கூறினும், கணவனாயினும் மனைவியாயினும், அக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.