சித்திரக் கதைகள் சிறுவர்க்கு மட்டுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

எழுத்தறியாதவர்க்கும் பொருளுணர்த்தும் ஆற்றல் ஓவியத்திற்கு உண்டு. கோயிற் சுவர்களிலும் தேர்ச் சிற்பங்களிலும் கதை சொன்ன மரபு நம்முடையது. ஆயினும் ஓவியமும் வசனமும் கூடி ஒரு நூலாக வந்துவிட்டால், "இது சின்னப்பிள்ளைகள் சமாச்சாரம்" என்று ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. ஜப்பானியர் அவ்வாறு ஒதுக்கவில்லை. சாவு, பசி, கடன், உழைப்பு ஆகிய கனமான பொருள்களையும் அவர்கள் சித்திரத்தில் ஏற்றினர். அவர்தம் படைப்புகளுள் என் மனத்தைத் தொட்ட சிலவற்றை இங்கு எடுத்துரைக்க விழைகின்றேன். அவை யாவும் ஒரே வினாவைக் கேட்பதாக எனக்குத் தோன்றுகிறது. "நீ பெற்றதற்கு விலை கொடுத்தவர் யார்?" என்பதே அவ்வினா.

தோற்றமும் வளர்ச்சியும்

ஜப்பானியர் அச்சில் வரும் சித்திரக் கதையை 'மங்கா' என்றும், திரையில் அசையும் சித்திரத்தை 'அனிமே' என்றும் வழங்குவர். மங்கா பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அமைவது. வலப்புறம் தொடங்கி இடப்புறமாக வாசிக்க வேண்டும். முதலில் வார, மாத இதழ்களில் தொடராக வெளிவந்து பின்னர்த் தொகுதிகளாகும். சிறுவர், சிறுமியர், இளைஞர், வளர்ந்த பெண்டிர் என ஒவ்வொரு பிரிவினர்க்கும் தனித்தனி இதழ்கள் உண்டு. ஆகவே சித்திரக் கதை சிறுவர்க்கு மட்டும் உரியது என்ற கருத்துக்கே அந்நாட்டில் இடமில்லை.

இக்கலையை வளர்த்தவர்களுள் தலையாயவர் ஒசாமு தெசுகா (1928-1989). மருத்துவம் பயின்ற இவர் தூரிகையையே தொழிலாகக் கொண்டார். புத்தர் பெருமானின் வரலாற்றைத் தழுவிய நெடுந்தொடர் ஒன்றும் இவரால் வரையப்பட்டது. 1963 ஜனவரி முதல் நாளில் இவருடைய 'ஆஸ்ட்ரோ பாய்' வாரந்தோறும் தொலைக்காட்சியில் வரத் தொடங்கியது. திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். அத்தனைக்கும் தனித்தனியே வரைவதென்றால் பெரும் பொருட்செலவாகும். எனவே ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்குப் பயன்படுத்தியும், உடலை அசைக்காமல் வாயை மட்டும் அசைத்தும் சிக்கனம் செய்தனர். வறுமையில் பிறந்த அம்முறையே பின்னர் ஒரு தனிப் பாணியாயிற்று.

நம் நாட்டில் டோரேமானும் ஷின்சானும் தொலைக்காட்சி வழியே தமிழ் பேசிக்கொண்டு வீடுகளுக்குள் நுழைந்தனர். அவர்களைக் கண்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. இன்று விடுதியில் நண்பர்கள் நால்வர் கூடி ஒரு கைப்பேசியில் இப்படங்களைக் காண்கின்றோம். அடியில் ஓடும் ஆங்கில வரிகளைத் தொடர்ந்து படித்ததில் எங்கள் ஆங்கிலமும் சற்று வளர்ந்தது.

இரசவாதமும் வேதியியலும்

ஹிரோமு அரகாவா என்னும் பெண்மணி 2001 முதல் 2010 வரை வரைந்த தொடர் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'. தாயை நோயில் இழந்த இரு சிறுவர்கள், இரசவாதத்தால் அவளை மீண்டும் உயிர்ப்பிக்க முயல்கின்றனர். மனித உடலுக்கு வேண்டியவற்றையெல்லாம் அவர்கள் கணக்கிடுகின்றனர். நீர் 35 லிட்டர், கரி 20 கிலோ, அம்மோனியா 4 லிட்டர், சுண்ணாம்பு 1.5 கிலோ, பாஸ்பரஸ் 800 கிராம், இரும்பு 5 கிராம் என்று அப்பட்டியல் நீள்கிறது. யாவும் கடைத்தெருவில் மலிவாகக் கிடைப்பவை. ஆனால் தாய் வரவில்லை. மூத்தவன் காலை இழக்கிறான். இளையவன் உடலையே இழக்கிறான். தம்பியின் உயிரை ஓர் இரும்புக் கவசத்தில் பிணைப்பதற்குத் தன் கையையும் கொடுக்கிறான் அண்ணன்.

ஒன்றைப் பெற வேண்டுமானால் அதற்கு ஈடான ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பதே அக்கதை உலகின் அடிப்படை விதி. நாம் பயிலும் பொருண்மை அழியா விதி இதற்கு நெருங்கிய உறவு. சமன்பாட்டின் இரு பக்கங்களையும் சரிசெய்யும் வேலை எனக்குப் பழக்கமானது. அதில் தாயின் குரலுக்கு ஒரு குறியீடு இல்லை என்று இக்கதையைப் படித்தபோதுதான் நினைத்துப் பார்த்தேன்.

போர் அளந்த அரிசி

இசாவோ தகஹாதா இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை' 1988இல் வெளிவந்தது. போர்க்காலத்தில் தன் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்த அகியுகி நோசகா எழுதிய கதையைத் தழுவியது இது. 1945இல் கோபே நகரில் குண்டுமழை பொழிகிறது. தாயை இழந்த பதினான்கு வயது செய்தாவும் நான்கு வயதுத் தங்கை செத்சுகோவும் உறவுக்கார அம்மாள் ஒருத்தியின் வீட்டில் ஒதுங்குகின்றனர். தாயின் பட்டாடைகள் அரிசிக்கு மாற்றப்படுகின்றன. வேலைக்குப் போகிறவர்க்குச் சோறு, சும்மா இருப்பவர்க்குக் கஞ்சி என்று அந்த வீட்டில் பந்தி பிரிகிறது. மிட்டாய் தீர்ந்த தகரடப்பாவில் தண்ணீர் ஊற்றி, ஒட்டியிருந்த இனிப்பைத் தங்கைக்குக் குடிக்கக் கொடுக்கிறான் அண்ணன்.

என் நெஞ்சில் ஆழப் பதிந்தவள் அந்த உறவுக்கார அம்மாள்தான். அவளைக் கொடியவள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மாதக் கடைசியில் அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்து, உழக்கை நிரப்பாமல் அளக்கும் என் தாயை நான் கண்டிருக்கின்றேன். அளக்கும் கைக்கும் அச்சம் உண்டு. போர் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை, அடுப்படிக்குள்ளும் புகுந்து உறவுகளை அளக்கிறது என்பதை அப்படம் எனக்கு உணர்த்தியது.

கெய்ஜி நகசாவாவின் 'வெறுங்கால் கென்' 1973இல் தொடங்கிய தொடர். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு வயது ஆறு. பள்ளிச் சுவரொன்று அவரைக் காத்தது. தந்தை, தமக்கை, தம்பி மூவரும் மாண்டனர். 1966இல் தாயும் இறந்தார். தகனத்திற்குப் பின் எலும்புகூட மிஞ்சாமல் சாம்பலே எஞ்சியது. அந்தச் சினமே அணுகுண்டைப் பற்றி வரையத் தம்மைத் தூண்டியதாக நகசாவா கூறியுள்ளார். யுரேனியம் பிளவுறும் சமன்பாட்டைக் கரும்பலகையிலிருந்து நாம் எழுதிக்கொள்கின்றோம். பேரியம், கிரிப்டான், நியூட்ரான்கள், ஆற்றல் என்று அது முடிகிறது. 'ஆற்றல்' என்ற அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பொருளை நான் கென்னிடம் கற்றேன். சிறுவர்க்கு இது கொடுமையான காட்சி என்பார் உளர். அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து இக்கதையை நீக்க ஹிரோஷிமா நகரக் கல்வித்துறையே 2023இல் முடிவு செய்தது. ஆறு வயதுச் சிறுவன் கண்ணால் கண்டதை இருபது வயதில் நாம் படிக்கவாவது வேண்டாமா?

பன்றிக்குட்டியும் வெள்ளாடும்

அரகாவா ஹொக்கைடோத் தீவின் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். ஓவியராகுமுன் ஏழாண்டுகள் அப்பண்ணையில் உழைத்தவர். அந்த அனுபவத்தில் விளைந்தது 'சில்வர் ஸ்பூன்' (2011-2019). நகரத்துப் பையன் ஹாச்சிகென் வேளாண்மைப் பள்ளியில் சேர்கிறான். நோஞ்சான் பன்றிக்குட்டி ஒன்றுக்குப் பெயரிட்டு வளர்க்கிறான். அது அறுப்புக்குப் போகும் நாளும் வருகிறது. கோடை விடுமுறையில் மாட்டுப்பண்ணையில் உழைத்துச் சேர்த்த கூலியைக் கொண்டு அதன் இறைச்சி முழுவதையும் அவனே வாங்குகிறான். அழுதுகொண்டே தோழர்களோடு அதனை உண்கிறான். அவனுடைய நண்பன் கொமாபாவின் குடும்பமோ கடனில் மூழ்குகிறது. மாடுகள் விலைபோகின்றன. பந்தாட்டக் கனவோடிருந்த கொமாபா படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறான்.

இப்பகுதியை என்னால் ஒரே மூச்சில் படிக்க இயலவில்லை. என் விடுதிச் செலவுக்காக எங்கள் வீட்டு வெள்ளாடுகள் இரண்டு விற்கப்பட்டன. அவற்றுக்கும் பெயர் உண்டு. வியாபாரி வந்த அன்று என் தாய் வீட்டை விட்டு வெளியே வரவேயில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான் என்று ஊரார் பெருமையாகப் பேசுகின்றனர். அப்பெருமைக்கு ஈடாக எது கொடுக்கப்பட்டது என்பதை ஹொக்கைடோவிலிருந்து ஒரு பெண்மணி எனக்கு வரைந்து காட்டியது போலிருந்தது.

பெயரை இழந்த சிறுமி

ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டெட் அவே' 2001இல் வெளிவந்து, 2003இல் ஆஸ்கர் விருது பெற்றது. பத்து வயதுச் சிறுமி சிஹிரோ ஆவிகளின் உலகில் சிக்குகிறாள். பெற்றோர் பன்றிகளாகிவிடுகின்றனர். அங்கே உழைக்காதவர்க்கு இடமில்லை. குளியல் விடுதியின் முதலாளியான சூனியக்காரி அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டு, கூலியாகப் பெயரைப் பறித்து, 'சென்' என்று சுருக்கிவிடுகிறாள். சொந்தப் பெயரை மறந்தவர் வீடு திரும்ப முடியாது. அவளுக்கு உதவும் ஹாகு என்பவன் தன் பெயரை மறந்துபோன ஓர் ஆறு. அந்த ஆற்றைத் தூர்த்து அதன்மேல் குடியிருப்புகள் கட்டிவிட்டனர்.

கல்லூரியில் வருகைப் பதிவேட்டில் நாம் எண்களாகின்றோம். நாளை ஏதேனும் ஓர் அலுவலகத்தில் வேறொரு எண்ணாவோம். படித்து மேலேறுவது நன்று. ஏறும்போது அப்பன் வைத்த பெயரையும், அதை அழைக்கும் ஊரின் பேச்சையும் கூலியாகக் கொடுத்துவிடலாகாது என்று அச்சிறுமி சொல்லாமற் சொல்கிறாள்.

நிறைவாக

இவ்வகைப் படைப்புகள் அனைத்தும் சிறந்தவை என்று நான் கூற வரவில்லை. வெற்றுச் சண்டையும் ஆபாசமும் மலிந்தவை ஏராளம். நெல்லோடு பதரும் இருக்கும். புடைத்தெடுப்பது நம் பொறுப்பு. பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: நம் கல்லூரி நூலகத்தில் சித்திரக் கதைகளுக்கென ஒரு தட்டு ஒதுக்கப்படுமாயின், 'வெறுங்கால் கென்' நூலின் பத்துத் தொகுதிகளும் அதில் முதலில் இடம்பெற வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். 1972இல் தொடங்கிய சிவகாசி முத்து காமிக்ஸ் முதலாக, அயல்நாட்டு வீரர்களைத் தமிழ் பேசவைத்தவர்கள் நாம். செங்கற்சூளையும், தறிக்குழியும், ஆட்டுச்சந்தையும், உழக்கில் அரிசி அளக்கும் தாயும் இன்னும் எத்தனையோ கோடுகளுக்காகக் காத்திருக்கின்றனர். ஆய்வகப் பதிவேட்டில் அழகாகப் படம் வரையும் கைகள் நம் வகுப்பில் பல உண்டு. அக்கைகள் இனி தத்தம் வீட்டையும் வரையட்டும்!