உலகைச் சுற்றும் அட்டையும் அதன் உடைமையாளரும்

சென்ற மாதம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் ஆண்டுப் பேரவைக்குச் சென்றிருந்தேன். தீர்மானங்கள் நிறைவேறிக் காப்பி வந்துகொண்டிருந்த சமயம், வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் தமது பயிர்க்கடன் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, "இன்ஸ்பெக்டர் ஐயா, இது நம்ம சங்கத்து அட்டையா, யாரோ கம்பெனி அட்டையா?" என்று வினவினார். சுற்றியிருந்தவர்கள் நகைத்தனர். ஆனால் கேள்வி நகைப்புக்குரியதன்று. அதற்கு விடை கூற வேண்டுமானால், இத்தகைய அட்டை முறையில் மூத்த ஸ்தாபனங்களுள் ஒன்றாகிய 'விசா'வின் வரலாற்றைக் கூற வேண்டும். கூட்டுறவாளராகிய நமக்கு அவ்வரலாற்றில் கவனிக்கத்தக்க விஷயங்கள் பல உண்டு.

1958-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பிரெஸ்னோ என்னும் நகரில், பாங்க் ஆப் அமெரிக்கா என்ற வங்கி சுமார் 60,000 கடன் அட்டைகளைத் தபாலில் அனுப்பிற்று. எவரும் விண்ணப்பம் செய்யவில்லை, ஜாமீன் கேட்கப்படவில்லை. அட்டையைக் காட்டிக் கடையில் சாமான் வாங்கலாம். வங்கி கடைக்காரருக்குப் பணம் தந்துவிடும். வாங்கியவர் பின்னர் வங்கிக்குச் செலுத்தலாம். நமது சங்கம் ஒன்று இவ்வாறு கடன் வழங்கியிருந்தால் அதன் தணிக்கைக் குறிப்பை எழுத எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதாது!

எனினும் அவ்வங்கியின் நோக்கத்தையும் உணர வேண்டும். அட்டை வைத்திருப்போர் இல்லாவிடில் கடைக்காரர் அதை ஏற்க மாட்டார். ஏற்கும் கடை இல்லாவிடில் அட்டை யாருக்கும் வேண்டாம். இந்தச் சிக்கலை ஒரே வீச்சில் அறுக்கவே, ஏறத்தாழப் பாதிக் குடும்பங்கள் தன்னிடம் கணக்கு வைத்திருந்த ஓர் ஊரை அது தேர்ந்தெடுத்தது. பலன் கசப்பாகவே இருந்தது. நூற்றுக்கு நான்கு பேர் தவணை தவறுவர் என எதிர்பார்த்த இடத்தில் இருபத்திரண்டு பேர் தவறினர். அட்டைகள் திருடப்பட்டன. முதற் கட்டத்தில் 88 லட்சம் டாலர் நஷ்டம் என வங்கியே ஒப்புக்கொண்டது. விண்ணப்பமின்றிக் கடன் அட்டை அனுப்புவதை அமெரிக்கச் சட்டம் 1970-இல் தடை செய்தது.

நஷ்டத்தைத் தாங்கி நின்ற வங்கி, 1966 முதல் பிற வங்கிகளுக்கும் அவ்வட்டையை வெளியிட உரிமம் வழங்கலாயிற்று. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி ஒரு வங்கி பிற மாநிலங்களில் தன் விருப்பம்போல் கிளை திறக்க இயலாது. உரிமம் ஒன்றே வழி. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பார்க்ளேஸ் வங்கியும் உரிமம் பெற்றது. உரிமம் பரவிற்று, குழப்பமும் பரவிற்று. ஒரு கடையில் எழுதப்பட்ட ரசீதுச் சீட்டு, கடைக்காரரின் வங்கியிலிருந்து வாடிக்கையாளரின் வங்கிக்குத் தபாலில் போய்ச் சேர வேண்டும். சீட்டுகள் மூட்டை மூட்டையாகத் தேங்கின. பெருந்தொகைக்கு வாங்குவோரைக் கடையில் நிறுத்தி வைத்து, கடைக்காரர் தொலைபேசியில் வங்கியின் சம்மதத்துக்குக் காத்திருந்தார். இவற்றினும் பெரியது மனக்கசப்பு. தமக்குப் போட்டியாளரான ஒரு வங்கியின் பெயரைத் தாங்கிய அட்டையைத் தம் வாடிக்கையாளரிடம் கொடுக்க எந்த வங்கிக்குத்தான் மனம் வரும்?

1968-இல் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் உரிமம் பெற்ற வங்கிகளின் கூட்டம் நடைபெற்றது. வாக்குவாதம் முற்றிக் கூட்டம் கலையும் நிலையில், சியாட்டில் நகர வங்கி ஒன்றின் அலுவலராகிய டீ ஹாக் என்பவர், குறைகளை முறையாக ஆராய ஒரு குழு அமைக்கலாம் என்று யோசனை கூறினார். யோசனை கூறியவர் தலையிலேயே வேலை விழுவது நம் சங்கங்களில் மட்டும் காணும் வழக்கமன்று. குழுவின் பொறுப்பு அவரிடமே வந்தது. இரண்டு ஆண்டு முயற்சிக்குப் பின், அட்டை முறையின் உடைமையையே விட்டுக்கொடுக்கப் பாங்க் ஆப் அமெரிக்கா சம்மதித்தது. 1970-இல் அமெரிக்க வங்கிகள் அங்கத்தினராகக் கொண்ட ஒரு புதிய ஸ்தாபனம் தோன்றிற்று.

அதன் அமைப்பை நம் அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சந்தையில் விற்கத்தக்க பங்கு அதில் கிடையாது. அங்கத்தினராகிப் பங்குபெறும் உரிமையே உடைமை; அதைப் பிறருக்கு மாற்ற இயலாது. அட்டையை வெளியிடுவதிலும் வாடிக்கையாளரைச் சேர்ப்பதிலும் வங்கிகள் தமக்குள் போட்டியிடலாம். சீட்டுகளைத் தீர்ப்பது, விதிகளை வகுப்பது ஆகியவற்றில் ஒத்துழைத்தே தீர வேண்டும். மத்திய ஸ்தாபனம் எவருக்கும் கடன் கொடுப்பதில்லை, அட்டை வெளியிடுவதுமில்லை. செய்தியையும் கணக்கையும் வங்கிக்கு வங்கி கடத்துவதே அதன் பணி. நமது தொடக்கச் சங்கங்கள் சேர்ந்து மத்திய பாங்கை அமைத்ததற்கு இது ஓரளவு ஒப்பாகும். ஆனால் வாக்குரிமை ஒருவருக்கு ஒன்று என்பதன்று. வியாபாரத்தின் அளவுக்கேற்ப வாக்கு. ராச்டேல் நெசவாளர்கள் 1844-இல் கைக்கொண்ட நெறியிலிருந்து இது வேறுபட்டது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

1973-இல் கம்ப்யூட்டர் மூலம் சம்மதம் பெறும் முறை வந்தது. பல நிமிடக் காத்திருப்பு ஒரு நிமிடத்துக்குள் அடங்கிற்று. 1974-இல் பல நாட்டு வங்கிகளை ஒன்றுசேர்க்கும் பேச்சு நடந்தது. அது முறியும் தறுவாயில் ஹாக், பிரதிநிதிகளுக்கு விருந்தளித்து, ஆளுக்கொரு ஜோடி சட்டைக்கைப் பொத்தான் பரிசளித்தாராம். ஒவ்வொரு பொத்தானிலும் பூமியின் பாதி. வெல்லும் உறுதி, விட்டுக்கொடுக்கும் பண்பு என்று பொருள்படும் லத்தீன் வாசகம். மறுநாள் உடன்பாடு ஏற்பட்டது. இங்கிலாந்தில் பார்க்ளேகார்டு, பிரான்சில் கார்ட் ப்ளூ, கனடாவில் சார்ஜெக்ஸ் என வழங்கிய அட்டைகளெல்லாம் 1976 முதல் 'விசா' என்ற பொதுப் பெயரின் கீழ் வரலாயின. ஹாக் 1984-இல் பதவி துறந்து, மண் அரித்துப் பாழ்பட்ட சுமார் 200 ஏக்கர் நிலத்தை வாங்கிச் சீர்திருத்துவதில் பல ஆண்டுகளைச் செலவிட்டார். 2022-இல் காலமானார்.

இனி, இம்முறையின் குறைக்கு வருகிறேன். அட்டையில் நூறு டாலருக்கு விற்ற கடைக்காரர் கைக்கு நூறு முழுதாக வருவதில்லை. பிடித்தம் செய்த தொகையில் பெரும் பகுதி வாடிக்கையாளரின் வங்கிக்கும், ஒரு பகுதி கடைக்காரரின் வங்கிக்கும், சிறு பகுதி மத்திய ஸ்தாபனத்துக்கும் செல்லும். வாடிக்கையாளரின் வங்கிக்குரிய விகிதத்தை நிர்ணயித்தவர் யார்? அங்கத்தினராகிய வங்கிகள் நிறைந்த ஸ்தாபனமே. செலவைத் தாங்கிய கடைக்காரருக்கு அங்கே வாக்கு இல்லை. அட்டை வைத்திருந்தவருக்கும் இல்லை. நூல் வியாபாரிகள் மட்டும் அங்கத்தினராகக் கூடி, தறியில் உட்காருபவனை வெளியே நிறுத்தி, அதற்கு நெசவாளர் சங்கம் என்று பெயர் சூட்டினால் எப்படியிருக்கும்? சேர்ந்தோருக்கு நன்மை செய்த கூட்டு, சேர இடமில்லாதவரிடம் கடுமையாக நடந்துகொண்டது என்பதே என் அபிப்பிராயம்.

கடைக்காரர்கள் நியாயஸ்தலத்தை நாடினர். கடன் அட்டையை ஏற்பவர் பற்று அட்டையையும் ஏற்றே தீர வேண்டும் என்ற விதியை எதிர்த்து 1996-இல் பெருங்கடைகள் தொடுத்த வழக்கு, விசா 200 கோடி டாலர் தரச் சம்மதித்ததன்பேரில் 2003-இல் தீர்ந்தது. அங்கத்தினர் வங்கிகள் சில போட்டி ஸ்தாபனங்களின் அட்டையை வெளியிடலாகாது என்ற விதியும் 2001-இல் சட்டவிரோதமெனத் தீர்ப்பாயிற்று. போட்டியிட வேண்டிய வங்கிகள் கூடி விலை நிர்ணயிக்கின்றன என்ற குற்றச்சாட்டு, அங்கத்தினர் உடைமையையே ஒரு பாரமாக்கிவிட்டது. மாஸ்டர்கார்டு 2006-இல் பங்குச் சந்தைக்குச் சென்றது. விசா 2008 மார்ச்சில் பங்கு ஒன்று 44 டாலர் வீதம் விற்று, ஏறத்தாழ 1,800 கோடி டாலர் திரட்டிற்று. அன்றுவரை அமெரிக்கா கண்ட பங்கு வெளியீடுகளில் அதுவே பெரிது. ஐரோப்பிய வங்கிகள் மட்டும் தம் பிரிவைத் தாமே நடத்தி வந்தன. 2016-இல் அதுவும் விசா கம்பெனியால் வாங்கப்பட்டது. கைமாற இயலாது என்று தொடங்கிய உரிமை, முப்பத்தெட்டு ஆண்டுகளில் சந்தைச் சரக்காயிற்று. கட்டணத்தைப் பற்றிய கடைக்காரரின் வழக்கோ அதனால் ஓயவில்லை.

நம் நாட்டில் 2008-இல் வங்கிகள் சேர்ந்து இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தை லாப நோக்கமற்ற கம்பெனியாக நிறுவின. அதன் 'ரூபே' அட்டை 2012-இல் வெளிவந்தது. பத்து வங்கிகளிடமிருந்த பங்குகள் 2016-இல் 56 வங்கிகளுக்கு விரிவாக்கப்பட்டன.

இவ்வளவையும் சுருக்கி, அம்முதியவரிடம், "கடன் கணக்கு நமது, அட்டை ஓடும் பாதை வங்கிகளுடையது" என்றேன். அவர் சிறிது யோசித்து, "உரக்கடையில் பற்று அட்டையை நீட்டினால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் சேர்த்துக் கேட்கிறார்களே, அது யாருக்குப் போகிறது?" என்றார். ரூபே பற்று அட்டைக்குக் கடைக்காரரிடம் வங்கி பிடித்தம் செய்வது 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே அந்த இரண்டு ரூபாய் வங்கிக்குப் போக வழியில்லை. அடுத்த முறை கேட்டால் அத்தொகையையும் எழுதி ரசீது தரச் சொல்லுங்கள் என்று கூறிவிட்டு வந்தேன்.