சேவல் வாலுக்குப் பின்னால்

மூன்று டன் எடையுள்ள படகு ஒன்று கிரேன் கொக்கியில் தொங்குகிறது. முப்பது அடி நீளம், பெயிண்ட் பளபளப்பில் முகம் பார்க்கலாம். அதற்குக் கொஞ்சம் தள்ளி, லாரியை ஒட்டிக் கட்டிய துணிப் பந்தலின் நிழலில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டி பேரனுக்கு சாண்ட்விச் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். படகு காற்றில் மெல்லத் திரும்புகிறது. நான்கு பேர் கயிற்றைப் பிடித்து அதன் மூக்கை ஏரிப் பக்கம் இழுக்கிறார்கள். பாட்டி தலை நிமிர்ந்து பார்க்கவே இல்லை! வருடா வருடம் பார்ப்பவருக்கு இதுவும் கிணற்றில் வாளி இறக்குவது மாதிரிதான் போலிருக்கிறது. வாயைப் பிளந்துகொண்டு நின்றது நான் ஒருத்தன்தான்.

இடம், அமெரிக்காவின் சியாட்டில் நகரம். வாஷிங்டன் ஏரிக்கரையில் ஸ்டான் சேயர்ஸ் பூங்கா. ஆகஸ்ட் முதல் வாரக் கடைசியில் சீஃபேர் திருவிழா வந்தால், இந்தப் பூங்கா ஹைட்ரோபிளேன் என்ற பந்தயப் படகுகளின் கொட்டிலாக மாறிவிடும். 'பிட்ஸ்' என்பார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் பந்தயம் தெரியும். பாஸ் வாங்கிக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்தால் கல்யாண வீட்டின் பின்கட்டு தெரியும். நமக்குப் பின்கட்டுதானே வேண்டும்? வாங்க.

உள்ளே நுழைந்ததும் இரண்டு வாசனைகள் ஒன்றாக மூக்கில் ஏறும்: டர்பைன் எரிபொருள், கிரில்லில் வேகும் இறைச்சி. இடது பக்கம் ஒருவர் ப்ரொப்பெல்லர் இறக்கையின் விளிம்பை விரலால் தடவித் தடவிப் பார்க்கிறார், வைரம் பார்க்கிற நகைக்கடைக்காரர் கெட்டார். அவருடைய மகள் ஸ்பேனர்களை அளவு வரிசையில் துணியில் பரப்புகிறாள். பக்கத்துப் பந்தலில் ஒரு அம்மா, சட்டைக் கலரை வைத்தே எந்தக் குழுவின் ஆள் இன்னும் சாப்பிடவில்லை என்று கணக்குப் பார்க்கிறார். பல குழுக்களில் இந்த வேலைக்கெல்லாம் சம்பளம் கிடையாது. ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, சொந்த பெட்ரோல் போட்டு வந்தவர்கள். கோடை விடுமுறை என்றால் இவர்கள் குடும்பத்துக்கு வேறு ஊர், வேறு கடற்கரை எதுவும் கிடையாது. பந்தயம் நடக்கும் ஊர்தான் சுற்றுலாத் தலம்!

படகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வீட்டுக் கதைகளுக்குப் போகலாம். இதைப் படகு என்கிறோமே தவிர, வேகம் பிடித்துவிட்டால் தண்ணீருக்கும் இதற்கும் பேச்சுவார்த்தை குறைவு. முன்னால் இரண்டு பக்கமும் ஸ்பான்சன் என்ற மிதவைகள், பின்னால் ப்ரொப்பெல்லர். இந்த மூன்று இடங்கள்தான் தண்ணீரைத் தொடும், அதிலும் ப்ரொப்பெல்லர் பாதிதான் முங்கியிருக்கும். மற்றதெல்லாம் காற்றின் மேல் சவாரி. நேர்ப் பாதையில் மணிக்கு 200 மைல், அதாவது 320 கிலோமீட்டர் வரை தொடுகிறார்கள். என்ஜின் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் விமானப்படையிலும் இருக்கிறதே சினூக் ஹெலிகாப்டர், அதன் டர்பைன்! அதற்கு முன்னால், இரண்டாம் உலகப் போர் முடிந்து மலிவாகக் கிடைத்த அலிசன், ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் போர் விமான என்ஜின்கள். பழைய ரசிகர்களுக்கு இதில் தீராத மனத்தாங்கல். அந்தக் காலத்து உறுமல் என்ன, இப்போதைய ஊளை என்ன என்று எந்தப் பெரியவரிடமும் கேட்டுப் பாருங்கள். உங்கள் மத்தியானம் போய்விடும்.

படகுக்குப் பின்னால் எழும்பும் தண்ணீர்ச் சுவருக்கு 'ரூஸ்டர் டெயில்' என்று பெயர். சேவல் வால். வளைந்து, விரிந்து, வெயிலில் மினுங்கும்போது அச்சு அசல் சேவல் வாலேதான். பார்க்கத்தான் அழகு. பின்னால் வருபவர் அதில் மாட்டினால், மேலே விழுவது டன் கணக்கில் தண்ணீர். என்ஜின் அணைந்துபோய் நடு ஏரியில் உட்கார வேண்டியதுதான்.

சரி, ஏன் சியாட்டில்? இந்தக் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. பூங்காவின் பெயரில் இருக்கிறாரே, அந்த ஸ்டான் சேயர்ஸ் இங்கே கார் விற்றுக்கொண்டிருந்தவர். போயிங்கில் வேலை பார்த்த டெட் ஜோன்ஸ் வரைந்து கொடுக்க, ஆங்கர் ஜென்சன் தன் பட்டறையில் கட்டிக் கொடுக்க, ஒரு படகு பிறந்தது. 1950 ஜூன் 26-ஆம் தேதி இதே ஏரியில் அது மணிக்கு 160 மைலைத் தாண்டியது. அதுவரை இருந்த உலக சாதனை 141 மைல் சொச்சம். ஒரே தாவலில் ஏறக்குறைய 20 மைல் மேலே! அந்தப் படகுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்லோ-மோ-ஷன்'. குசும்பு யாரை விட்டது. அடுத்த மாதம் டிட்ராயிட் போய், 1904-இலிருந்து நடந்துவரும் கோல்டு கப்பையும் ஜோன்ஸ் ஓட்டி ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் ஊரில் அடுத்த பந்தயம் என்பது அப்போதைய முறை. 1951-இல் கோல்டு கப் சியாட்டில் வந்து இறங்கியது.

அப்போது அந்த ஊருக்குப் பெரிய லீக் அணி எதுவும் கிடையாது. 1967-இல் கூடைப்பந்து அணி வரும்வரை, சியாட்டில் பிள்ளைகளுக்கு ஹீரோ என்றால் படகோட்டிதான். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. வீட்டில் கிடக்கும் ஒட்டுப்பலகைத் துண்டை ஹைட்ரோபிளேன் வடிவத்தில் அறுத்து, தனக்குப் பிடித்த படகின் நிறத்தையும் நம்பரையும் பூசி, கயிறு கட்டி, சைக்கிளுக்குப் பின்னால் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் பறப்பார்கள்! நம்ம ஊர் நுங்கு வண்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. தெருமுனையில் திரும்பும்போது பலகை பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், அதுதான் கௌரவம். அடிப்பாகம் தேய்ந்து ஓட்டையானால் அப்பாவிடம் போய் நிற்க வேண்டும். அப்பா திட்டிக்கொண்டே இன்னொரு பலகையை அறுப்பார், முன்னதைவிட நன்றாக. இன்று தலை நரைத்த அந்தப் பிள்ளைகளிடம் 'நீங்க எந்தப் படகு?' என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டினதே தான்தான் என்பதுபோல் பெயரும் நிறமும் சொல்வார்கள். 'நான் மிஸ் பார்டால். மஞ்சள், பச்சை!'

பலகை இழுத்த பிள்ளைகளில் சிலர் அதோடு நிற்கவில்லை. ஒன்பது வயதிலேயே போட்டியிட ஒரு ஜூனியர் வகுப்பு இருக்கிறது, 'ஜே' என்று ஒற்றை எழுத்தில் கூப்பிடுவார்கள். சின்னப் படகு, பின்னால் சின்ன அவுட்போர்டு மோட்டார். ஓட்டுகிற பிள்ளை உட்காராது. ஹெல்மெட்டும் பருத்த லைஃப் ஜாக்கெட்டுமாக முழங்காலிட்டுக் குனிந்திருக்கும். கரையோரத்தில் அப்பாவோ அம்மாவோ தொடை அளவு தண்ணீரில் நின்று, படகின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். மோட்டார் பிடித்துக்கொண்டதும் கையை விட வேண்டும். விட்ட அடுத்த நொடி பெற்றவர் முகத்தில் தண்ணீர் பீய்ச்சியடிக்க, பிள்ளை போயே போய்விடும். முகத்தைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்க்கும் அந்த அம்மாக்களைப் பார்க்க வேண்டுமே! முதல் நாள் பள்ளிக்கூட வாசல் எல்லாம் இதற்கு உறை போடக் காணாது.

தொழிலும் இப்படித்தான் கைமாறுகிறது. டெட் ஜோன்ஸின் மகன் ரான் படகு வடிவமைத்தார். அவர் மகன் ரான் ஜூனியரும் படகு கட்டினார். மார்க் டேட் 1991-இல் கோல்டு கப் வாங்கினார், மகன் ஆண்ட்ரூ 2018-இல் வாங்கினார். 'மிஸ் பட்வைசர்' படகை வைத்து 134 பந்தயங்கள் ஜெயித்த பெர்னி லிட்டில் 2003-இல் மறைந்தபோது குழுவைக் கையில் எடுத்ததும் மகன்தான்.

எல்லாம் சிரிப்பும் சாண்ட்விச்சும் இல்லை. 1981 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோவில் நடந்த பந்தயத்தில் பில் மன்சியின் படகு காற்றில் எழும்பிக் கவிழ்ந்தது. 62 வெற்றிகள் கண்டவர், அதிலேயே இறந்துபோனார். மனைவி ஃபிரான் குழுவைக் கலைத்துவிட்டு வீட்டோடு இருந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கலைக்கவில்லை. சிப் ஹனவர் என்ற இளைஞரை ஓட்டுநராகப் போட்டு, அடுத்த கோடையிலேயே 'அட்லஸ் வேன் லைன்ஸ்' படகை இறக்கினார். 1982 கோல்டு கப் அவர்களுக்கே. ஹனவர் அதற்கு முன் மனச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்! அந்த வருடம் தொடங்கி 1988 வரை கோல்டு கப்பை அவர் வேறு யாருக்கும் விடவில்லை.

அதே 1982-இல் டீன் செனோவெத் என்ற ஓட்டுநரும் படகு கவிழ்ந்து இறந்தார். பிறகுதான் ஓட்டுநர் இருக்கைக்குக் கூரை வந்தது. எஃப்-16 போர் விமானத்தில் விமானியின் தலைக்கு மேல் இருக்கும் அதே கண்ணாடிக் கூண்டு. படகு தலைகீழாகக் கிடந்தாலும் வெளியே வர அடியில் ஒரு கதவு, மூச்சுக்குக் காற்று முகமூடி. இருக்கையோடு கட்டி நீச்சல் குளத்தில் தலைகீழாக முக்கி, வெளியே வருகிறாரா என்று பரீட்சை வைத்த பிறகுதான் ஓட்ட விடுவார்கள். பிட்ஸில் குடும்பங்கள் இவ்வளவு சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்க அந்தக் கூண்டும் ஒரு காரணம் என்பேன்.

கொஞ்சம் கிழக்கே, இந்தியானா மாநிலத்துக்கு ஒரு எட்டுப் போய் வந்துவிடுவோம். ஓஹையோ ஆற்றங்கரையில் மாடிசன் என்று ஒரு ஊர். ஜனத்தொகை பன்னிரண்டு, பதிமூன்றாயிரம். ஊருக்குச் சொந்தமாக ஒரு பந்தயப் படகு! ஊர்க் கோயில் தேர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சாமுவேல் டூபாண்ட் என்ற செல்வந்தரின் பழைய படகு கைக்கு வர, 1961 முதல் 'மிஸ் மாடிசன்' ஓடத் தொடங்கியது. எதிரே நின்றவர்கள் எல்லாம் பீர் கம்பெனி, லாரி கம்பெனி. இங்கே வரும்படி ஊர்க்காரர்களின் வசூல்.

1971-இல் கோல்டு கப்பை எந்த ஊரில் நடத்துவது என்று ஏலம். 30,000 டாலர் கேட்ட மாடிசனுக்கே விழுந்தது. ஜூலை 4, சுதந்திர தினம். சொந்த ஆறு, சொந்த ஜனம். ஜிம் மெக்கார்மிக் ஓட்டிய அந்தப் படகுக்குப் பத்து வயது தாண்டியிருந்தது, உள்ளே பழைய அலிசன் என்ஜின். ஜெயிக்கும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். ஜெயித்தது! அட்லஸ் வேன் லைன்ஸைப் பின்னால் விட்டுவிட்டு! அதே மாதக் கடைசியில் வாஷிங்டன் மாநிலத்தின் டிரை-சிட்டீஸ் போய் அங்கேயும் ஒரு கோப்பை. இதை வைத்து எடுத்த 'மாடிசன்' படத்தில் ஜிம் கவீசல் மெக்கார்மிக்காக நடித்தார். படம் முழுக்க மகன் கண்ணால் அப்பாவைப் பார்ப்பதுதான். சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

சியாட்டிலுக்கே திரும்பிவிடலாம், கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. இந்தப் பந்தயத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது கிடையாது. படகுகள் ஏரியில் சுற்றிக்கொண்டே இருக்கும். பெரிய கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் முழு வேகத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு நொடி முந்தினால் தண்டனை, ஒரு நொடி பிந்தினால் முகத்தில் சேவல் வால். அதனால் உயரமான இடத்தில் குழுவின் ஆள் ஒருவர் ரேடியோவுடன் நின்று, ஓட்டுநர் காதில் நொடிகளை எண்ணிச் சொல்வார். பிட்ஸ் மொத்தமும் அவரோடு சேர்ந்து எண்ணுகிறது. ஸ்பேனர் அடுக்கிய பெண் பிள்ளை எண்ணுகிறாள். ப்ரொப்பெல்லர்க்காரர் எண்ணுகிறார். ஏரிக்கு நடுவே மரக்கட்டைகளைக் கோத்து மிதக்க விட்டு, அதில் வரிசையாகக் கட்டிய சொந்தப் படகுகளில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து நிற்கிறார்கள். பாட்டி சாண்ட்விச் பெட்டியை மூடிவிட்டார். இதற்கு மட்டும் நிமிர்ந்து பார்க்கிறார்!

சியாட்டில் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டிக்கு மட்டும் போய்விட்டு, 'ரெண்டு படகு போச்சு, வந்துச்சு' என்று சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை போங்கள். அன்று பயிற்சியும் தகுதிச் சுற்றும்தான். கூட்டம் கம்மி, குழுவினருக்கும் நின்று பேச நேரம் இருக்கும். பிட் பாஸ் வாங்கிக்கொண்டு கிரேன் பக்கமாக ஒரு இடம் பிடியுங்கள். முடிந்தால் தெற்கே கென்ட் ஊரில் இருக்கும் ஹைட்ரோபிளேன் அருங்காட்சியகத்தையும் எட்டிப் பாருங்கள். அந்தக் காலத்துப் படகுகளைப் பழுது பார்த்து மறுபடி தண்ணீரில் ஓட்டிக் காட்டுகிறவர்கள் அவர்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஏரிக்கரையில் நிழல் குறைவு, தொப்பியையும் மடக்கு நாற்காலியையும் மறக்க வேண்டாம்.