மாதவிலக்கு நின்ற பெண்களே உஷார்! பக்கவாதம் பற்றி பெண் விஞ்ஞானி கண்டுபிடித்த உண்மை

பக்கவாதம் என்றால் "அது ஆம்பளைங்க வியாதி" என்று பலர் நினைத்துக் கொண்டு இருக்கிறார்கள். பெண்களையும் அது விடுவதில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு ஆபத்து கூடுகிறது.

மூளைக்கு போகும் ரத்தக்குழாய் அடைத்தாலோ, வெடித்தாலோ பக்கவாதம் வரும். ரத்தம் கிடைக்காத மூளை செல்கள் சில நிமிடங்களில் சாகத் தொடங்கும்.

பெண்களின் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மூளைக்கு பாதுகாப்பு தருகிறது. மாதவிலக்கு நின்றதும் அது குறைந்து விடும். அப்படியானால் அந்த ஹார்மோனை மாத்திரையாக கொடுத்தால் போதுமே என்று டாக்டர்கள் நினைத்தார்கள்.

நடந்ததோ வேறு. அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரை உள்ள பல ஆயிரம் பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்து சோதித்தனர். பக்கவாதம் குறையவில்லை, கூடியது. 2002-லும், 2004-லும் சோதனைகள் பாதியில் நிறுத்தப்பட்டன.

எலி சொன்ன பதில்

இது ஏன்? டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக நரம்பியல் விஞ்ஞானி பரிடா சொராப்ஜி குழுவினர் பெண் எலிகளை வைத்து ஆராய்ந்தனர். முடிவு 2010-ல் வெளியானது. இளம் எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது மூளை பாதிப்பு குறைந்தது. வயதான எலிகளுக்கு அதே ஹார்மோன் பாதிப்பை அதிகமாக்கியது!

2012-ல் வெளியான ஆய்வில், இன்னொரு சோதனை மருந்து பெண் எலிகளின் மூளையை காப்பாற்றியது. ஆண் எலிகளுக்கு பலன் இல்லை. அதாவது ஆணுக்கு ஏற்ற மருந்து பெண்ணுக்கும், இளம் வயதுக்கு ஏற்றது முதுமைக்கும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

முன்பெல்லாம் இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் ஆண் எலிகளை வைத்தே நடந்தன. 2016 முதல் அமெரிக்க அரசு நிதி கேட்கும் ஆய்வாளர்கள் இரு பாலினத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது விதி.

என்ன செய்யணும்?

பக்கவாதம் வராமல் தடுக்கும் என்று நம்பி ஹார்மோன் மாத்திரையை நீங்களாக வாங்கி சாப்பிடாதீர்கள். பி.பி., சுகரை அடிக்கடி பாருங்கள்.

வாய் கோணினாலோ, ஒரு பக்க கை, கால் மரத்துப்போனாலோ, பேச்சு குழறினாலோ, திடீர் குழப்பம் வந்தாலோ "வேலை அசதி, படுத்தா சரியாயிடும்" என்று இருந்து விடக்கூடாது. அடைப்பை கரைக்கும் ஊசியை பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.